பல்லு மாமாவின் மூடப்பட்ட கேள்வி

பல் மருத்துவமனையின் பின்னறையில் அமர்ந்து பிறருக்குப் பல் செய்து கொடுப்பவரை அவர் குடும்பத்தார் அனைவரும் பல்லு மாமா என்றே அழைத்தனர். மருமக்கள் அப்படி அழைத்ததில் வியப்பில்லை. அவரைவிட மூத்தவர்கள்கூட, முறையெல்லாம் பாராமல், "பல்லு மாமா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் அதை ஒரு பட்டம்போல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

அந்தப் பின்னறைக்கு ஒரே சன்னல். அதன் கண்ணாடியில் பிளாஸ்டர் தூள் படிந்து, வெளியே எந்நேரமும் மூடுபனி இறங்கியிருப்பதுபோல் தோன்றும். அலமாரித் தட்டுகளில் வெள்ளைத் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். மேல்மாடியில் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் மாவு வைத்து அச்செடுத்துக் கீழே அனுப்புவார்கள். பல்லு மாமா அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, கடித்துப் பார்க்கும் கருவியில் மேல் தாடையைக் கீழ்த் தாடையோடு பொருத்திப் பார்ப்பார். அச்சு கோணலாக வந்தால் வேலையைத் தொடமாட்டார். 'அச்சு சரியில்லை. மீண்டும் எடுக்கவும்' என்று ஒரு சீட்டு எழுதி, அச்சோடு மேலே அனுப்பிவிடுவார். ஏன் சரியில்லை என்று எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. 'அச்சைப் பார்த்தாலே தெரியுமே!' என்பது அவர் கட்சி. இளம் மருத்துவர் ஒருவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் கண்கலங்கி நின்றதாக ஒரு பேச்சும் உண்டு.

எந்தப் பல் செட் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினியில் பார்த்துக்கொள்வதற்காக, இணையத்துக் காணொளிகளைப் பார்த்து அவர் தாமாகவே நிரல் எழுதக் கற்றிருந்தார். அது நன்றாகவே ஓடியது. அதனால் வந்தது வினை.

அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாலை விருந்தில் ஒவ்வொருவரும் எந்த மேஜையில், எந்த நாற்காலியில் அமர்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து பெயர் எழுதி வைக்கவேண்டும். அந்தப் பொறுப்பைத் தங்கை அவர் தலையில் கட்டினார்.

"அண்ணே, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. நீ போட்டுக் குடு. ஆனா ஒண்ணு, என் கல்யாணத்துல நடந்த கூத்து என் பொண்ணு கல்யாணத்துல நடந்துச்சுன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்."

"அவ்வளவு பெரிய வார்த்தை எதுக்கு?"

"சரி, உசுரோட இருப்பேன். ஆனா உன்னோட பேசமாட்டேன்."

அந்தக் கூத்து என்னவென்று குடும்பத்தில் அறியாதவர் இல்லை. தங்கையின் கல்யாண விருந்தில் பெரியத்தையும் சின்னத்தையும் அருகருகே அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். உடன்பிறந்த அக்காளும் தங்கையும்தான். திடீரென்று சின்னத்தை விருட்டென எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார். அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு விசேஷத்திலும் இருவரையும் கிழக்கும் மேற்குமாக உட்கார வைப்பதில் குடும்பமே கண்ணும் கருத்துமாக இருந்தது.

பல்லு மாமா வேலையை முறைப்படி தொடங்கினார். முதலில் விருந்தினருக்கு எண் கொடுத்தார். இங்கேதான் அவருடைய தொழில் குறுக்கே வந்தது. பல் மருத்துவத்தில் வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதியின் எண்ணையும் பல்லின் வரிசையையும் சேர்த்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இரட்டை இலக்க எண் உண்டு. வேறு எந்த எண்முறையும் அவர் கைக்குப் படியவில்லை. ஆகவே நெருங்கிய சொந்தங்களை 'முதல் வாய்' என்றும், தூரத்துச் சொந்தங்களை 'இரண்டாம் வாய்' என்றும், மாப்பிள்ளை வீட்டாரையும் நண்பர்களையும் அடுத்தடுத்த வாய்கள் என்றும் பிரித்து, ஆளுக்கொரு பல்லின் எண்ணைச் சூட்டினார்.

"நாலு வாயா?" என்றார் அவர் மனைவி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுத் தருபவர் அவர். "நம்ம குடும்பத்துக்கு நாலு வாய் எப்படிங்க போதும்?"

அடுத்து நிபந்தனைகள். யார் யாரோடு சேர்ந்து அமரவேண்டும், யார் யாரோடு சேரக்கூடாது என்று தங்கை தொலைபேசியில் அடுக்கினார். மனைவி சிலவற்றைச் சொன்னார். மாப்பிள்ளையாகப் போகிறவர், "நான் எல்லாரையும் ஒரு தடவை கூப்பிட்டு அறிமுகம் ஆகிக்கறேன் மாமா, அப்படியே அவங்க விருப்பத்தையும் கேட்டுடறேன்" என்று பெயரும் எண்ணும் எழுதிய பட்டியலை வாங்கிக்கொண்டு போய், கேட்டதையெல்லாம் எண்களாகவே அனுப்பிவைத்தார். பல்லு மாமா அவற்றை வந்த வரிசையிலேயே நிரலுக்குள் இட்டார். அந்த நிரல் ஒவ்வொருவரையும் ஒரு நாற்காலியில் அமர்த்திப் பார்க்கும். சண்டை வந்தால் எழுப்பி வேறொன்றில் அமர்த்தும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத ஓர் ஏற்பாடு கிடைத்ததும் நிற்கும்.

அது நிற்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் சாப்பிட்டு வந்தார், சுற்றியது. வேலைக்குப் போய் வந்தார், அப்போதும் சுற்றியது. எழுதியதை மேலும் கீழும் படித்தார். பிழை அகப்படவில்லை. பெயர் அட்டைகளை அச்சிடுபவரோ, எப்போது தருவீர்கள் என்று தங்கையை அரிக்கத் தொடங்கினார். தங்கை அண்ணனை அரித்தார்.

நிரல் எழுதுவோர் கூடும் இணைய மன்றம் ஒன்று இருப்பது பல்லு மாமாவுக்குத் தெரியும். அங்கே விவரம் அறிந்தவர்கள் சம்பளம் ஏதுமின்றி, சொந்த ஓய்வு நேரத்தில், முகம் அறியாதவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். அவர் பதற்றத்தோடு அங்கே போய்த் தலைப்பு இட்டார்: 'அவசரம்!!! கல்யாணம்!!! உதவுங்கள்!!!' அதன்கீழ், 'நிரல் ஓடவில்லை. என்ன பிழை என்று உடனே சொல்லவும்' என்று எழுதி, கணினித் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து, ஆடிப்போன அப்படங்களை வரிசையாக ஒட்டினார். ஒரு படத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது.

விடை விரைந்து வந்தது. மன்றத்தில் நெடுங்காலமாக உதவிவரும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு முகப்படம் இல்லை, ஒரு பூட்டின் படம் மட்டுமே. அதனால் எல்லாரும் அவரைப் பூட்டு என்றே அழைத்தனர். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'கேள்வி தெளிவாக இல்லை. மன்ற விதிகளைப் படித்து மீண்டும் கேட்கவும்.' அடியில், கேள்வி மூடப்பட்டது என்ற குறிப்பு.

பல்லு மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாரும்மா இந்த அநியாயத்த! ஒரு மனுஷன் கல்யாண வேலையில தவிக்கிறான். மீண்டும் கேக்கவாம்! என்ன தப்புன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்த?"

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நெருங்கிப் படித்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"எதுக்கு சிரிக்கிற?"

"எங்கயோ பாத்த மாதிரி இருக்குங்க. 'அச்சு சரியில்லை. மீண்டும் எடுக்கவும்.'"

"அது வேற. அது தொழில்."

"அந்தச் சின்ன டாக்டரம்மா படியில நின்னு அழுதுச்சே, அதுவும் தொழிலுக்காகத்தான் அழுதுச்சு. கோவத்துக்குக் கொஞ்சம் பிரேக் போடுங்க. விதி என்னன்னுதான் படிப்போமே."

படித்தார்கள். தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லவேண்டும். அவசரம் என்று எழுதக்கூடாது, ஏனெனில் அவசரம் கேட்பவருடையது, நேரமோ உதவுபவருடையது. எழுத்தை எழுத்தாகவே தரவேண்டும். படத்திலிருந்து யாரும் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, நீங்களாக என்னவெல்லாம் முயன்றீர்கள் என்று சொல்லவேண்டும். இவையெல்லாம் பல்லு மாமாவுக்கு ஒருவாறு நியாயமாகவே பட்டன. அச்சோடு நோயாளியின் வயதும் பல்லின் நிறமும் எழுதி அனுப்பாத மருத்துவர்களை அவர் எவ்வளவு ஏசியிருக்கிறார்! அடுத்த விதிதான் அவரைத் தடுத்து நிறுத்தியது. 'முழு நிரலையும் எங்கள்மேல் கொட்டாதீர்கள். தேவையற்றதை ஒவ்வொன்றாக நீக்குங்கள். இதற்குமேல் நீக்கினால் கோளாறே மறைந்துவிடும் என்னும் அளவுக்குச் சிறிதாக்கிக் கொண்டுவாருங்கள்.' கடைசி விதி அவருக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றியது: 'விடை நீங்களே கண்டுவிட்டாலும், வந்து சொல்லிவிட்டுப் போங்கள். பின்னால் வருபவருக்கு ஆகும்.'

"சிறுசாக்கணும்னா யாரை நீக்கறது? எல்லாரும் சொந்தக்காரங்களாச்சே" என்றார் பல்லு மாமா.

"கம்ப்யூட்டர்லதானே நீக்கறோம்? நிஜத்துல செய்யமுடியாதத அதுலயாச்சும் செய்வோம்" என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகல் அவ்வீட்டில் நடந்ததைப்போல் ஒரு களையெடுப்பு எந்தக் குடும்பத்திலும் நடந்திருக்காது. முதலில் நான்காம் வாய் முழுவதையும் பிடுங்கினார்கள். வட்டம் சுற்றியது. மூன்றாம் வாயையும் பிடுங்கினார்கள். சுற்றியது.

"உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவ எடுங்க. ரொம்ப நாளா எனக்கு ஆசை."

"எடுத்தாச்சு."

"கோளாறு போச்சா?"

"இல்ல."

"அப்ப அவர்மேல தப்பில்ல. பாவம், இத்தன வருஷமா அவரத்தான் சந்தேகப்பட்டேன்."

இரண்டாம் வாயும் போயிற்று. ஆள் குறைந்ததும் நிரலின் நடையே மாறியது. சுற்றிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, 'ஏற்பாடு எதுவும் இல்லை' என்று உடனே முகத்தில் அடித்தாற்போல் சொல்லத் தொடங்கியது. அதாவது நிரல் வழிதவறிச் சுற்றவில்லை. இல்லாத ஒன்றை, இல்லை என்று தெரியும்வரை, பொறுமையாக எல்லா நாற்காலியிலும் தேடிக்கொண்டிருந்தது. பல்லு மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்மை நீக்கினார். மனைவியை நீக்கினார். தங்கையை நீக்கினார்.

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் எடுக்கட்டா?"

"எடுங்க, பரவால்ல. கல்யாணமே அவங்களுக்காகவா நடக்குது!"

மணமக்களும் வெளியேறினர். திரை அப்போதும், 'ஏற்பாடு எதுவும் இல்லை' என்றது. இறுதியில் காலி மண்டபத்தில் இரண்டே எண்கள் மிஞ்சின: முதல் வாய் பதினாறு, முதல் வாய் நாற்பத்தாறு. அவற்றோடு இரண்டே நிபந்தனைகள். இருவரும் சேரக்கூடாது என்றது ஒன்று. பதினாறுக்குப் பக்கத்தில் நாற்பத்தாறுதான் அமரவேண்டும் என்றது மற்றொன்று. இதில் எந்த ஒன்றை நீக்கினாலும் கோளாறு மறைந்தது.

பதினாறு என்பது மேல் தாடையின் கடைவாய்ப் பல். நாற்பத்தாறு என்பது அதற்கு நேர் கீழே உள்ளது. வாயை மூடினால் ஒன்றன்மேல் ஒன்று வந்து படிபவை. அவை யாருடைய எண்கள் என்று மனைவி பார்த்துச் சொன்னபோது, பல்லு மாமா சூடான மெழுகைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

பதினாறு பெரியத்தை. நாற்பத்தாறு சின்னத்தை.

பெயர்களாக எழுதியிருந்தால் அன்றே கண்ணில் குத்தியிருக்கும். எண்களாக இருந்ததால் இரு வரிகளும் ஒரே பட்டியலில் கிடந்தும் அவர் காணவில்லை. சேரக்கூடாது என்றவர் தங்கை. பக்கத்தில் வேண்டும் என்று அனுப்பியவர் மாப்பிள்ளை. பல்லு மாமா அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, பதினாறுக்குப் பக்கத்துல நாற்பத்தாறுன்னு அனுப்பியிருக்கீங்களே, யார் சொன்னது?"

"பதினாறேதான் மாமா. பெரியத்தை. யார் பக்கத்துல உக்காரணும்னு கேட்டேன். 'என் தங்கச்சி பக்கத்துல போடுவீங்களா தம்பி'ன்னாங்க. சரின்னேன். ஏன் மாமா, தப்பா?"

"தப்பில்ல தம்பி. சின்னத்தைகிட்டயும் கேட்டீங்களா?"

"மூணு தடவ கூப்பிட்டேன், எடுக்கல."

குடும்பக் கதை தெரியாதவர் என்பதால்தான் அவர் கேட்டிருக்கிறார். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கேட்காமலே இருந்துவிட்டார்கள்.

தங்கையிடம் சொன்னதும் அவர் பதறினார். "பெரியத்தை கேட்டா போதுமா? சின்னத்தை மறுபடியும் எழுந்து போனா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி? வேணாம்ணே, அந்த வரியத் தூக்கிடு. ஆளுக்கொரு மூலையில போட்டுடு."

தூக்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் இரண்டில் எந்த வரி பிழை என்று தெரியாமல் ஒன்றைத் தூக்குவது பல்லு மாமாவுக்குப் பிடிக்கவில்லை. எந்தப் பல் உயரம் என்று பாராமல் அகப்பட்டதை அரத்தால் ராவுகிற வேலையை அவர் என்றும் செய்ததில்லை. மறுநாள் சின்னத்தையின் வீட்டுக்குப் புறப்பட்டார்.

பேருந்தில் போகும்போது கேள்வியைத் தயார் செய்தார். முதலில் அது மிகவும் நீளமாக இருந்தது. அந்தக் காலத்தில் அப்படி என்னதான் நடந்தது, ஏன் எழுந்தீர்கள், இத்தனை காலம் இப்படி இருக்கலாமா, இரத்த பாசம் என்று ஒன்று இல்லையா என்றெல்லாம் போயிற்று. இது தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி போட்ட கேள்வி என்று அவருக்கே புரிந்தது. ஒவ்வொன்றாக நீக்கினார். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தபோது கையில் ஒரே வரிதான் இருந்தது.

சின்னத்தை ஒரு ஸ்டூலின்மேல் ஏறி நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும், "வாடா பல்லு, இந்த ஸ்டூலப் பிடி, ஆடுது" என்றார். பல்லு மாமா குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலேயே கேட்டார்.

"அத்தை, விருந்துல உங்களுக்கு யார் பக்கத்துல உக்காரணும்?"

மேலே திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"இது என்னடா புதுசா இருக்கு? எப்பவும் நீங்களாத்தானே எங்கயாச்சும் தள்ளுவீங்க. போன தடவ சமையக்கட்டு வாசல்ல போட்டீங்க. போற வர்றவன் எல்லாம் என் முதுகுல தட்டு இடிச்சான்."

"இந்தத் தடவ கேக்கறேன்."

"அக்கா எங்க உக்கார்றா?"

"நீங்க சொல்ற இடத்துக்குப் பக்கத்துல."

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"அவங்கதான் கேட்டாங்க."

ஸ்டூல் ஆடியது. பல்லு மாமா இறுகப் பிடித்துக்கொண்டார். சின்னத்தை இறங்கி வந்து, பல்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"அன்னிக்கு நான் கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு நெனச்சீங்களாடா எல்லாரும்? முதல் தடவையா முடிய குட்டையா வெட்டிக்கிட்டு வந்திருந்தேன். அக்கா பாத்துட்டு, 'இந்த முடி உனக்கு நல்லாவே இல்ல'ன்னா. அவ சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பினா, அதே நேரம் மேல ஏசியிலேருந்து பொளக்குன்னு தண்ணி என் தலையில ஊத்துச்சு. துடைக்க எழுந்து ஓடினேன். திரும்பி வந்து பாத்தா என் நாற்காலியில உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கார். வேற எங்க போக? காலியா இருந்த எடத்துல போய் உக்காந்தேன். அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள ஒரு மூலையிலயும் என்ன ஒரு மூலையிலயும் போடறீங்க. சரி, அக்காதான் என் பக்கத்துல வேணாம்னு சொல்லிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அவங்க, நீங்கதான் சொன்னீங்கன்னு நெனச்சிருப்பாங்க."

"யாராச்சும் ஒருத்தன் கேட்டிருக்கலாம்லடா!"

பல்லு மாமா ஸ்டூலில் ஏறிப் பல்பை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒண்ணுவிட்ட சித்தப்பாவின்மேல் தப்பில்லை என்று சொன்னதை மனைவி அன்று மாலையே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிழையான வரியை நீக்கி, எல்லா வாய்களையும் மீண்டும் பொருத்தி ஓட்டியபோது, ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் ஏற்பாடு வந்து நின்றது. ஆயினும் அவர் மண்டபத்துக்கு ஒருமுறை நேரில் போனார். ஏணி கேட்டு வாங்கி, ஏசி ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். ஒன்று சொட்டியது. அதற்குக் கீழே யாரும் அமரக்கூடாது என்று நிரலில் ஒரு நிபந்தனை சேர்த்தார். "சித்தப்பாவ அங்க போடலாமே" என்ற மனைவியின் யோசனை ஏற்கப்படவில்லை.

விருந்து நாளன்று தங்கை மணமகளின் தாயாராக இருந்து யாரையும் வரவேற்றதாகத் தெரியவில்லை. அவர் கண் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. பெரியத்தை முதலில் வந்து அமர்ந்தார். சின்னத்தை வந்தார், பெயர் அட்டையை எடுத்துப் படித்தார், அமர்ந்தார். இருவரும் நேராகச் சுவரைப் பார்த்தனர். பரிமாறுபவர் வந்து போனார். தங்கை அண்ணனின் கையைக் கிள்ளினார். கிள்ளிய இடத்தில் இரத்தம் கட்டும்போல் இருந்தது.

பெரியத்தை மெல்லத் திரும்பிச் சின்னத்தையின் தலையைப் பார்த்தார். முடி இப்போது தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நீளமா விட்டுட்டியா?" என்றார் பெரியத்தை.

"ம்."

"இதுவும் நல்லாவே இல்ல."

சின்னத்தை சட்டென்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தண்ணீர் ஏதும் ஊற்றவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்து தெறித்தது. காரணம் தெரியாத பெரியத்தையும் அந்தச் சிரிப்பிலேயே சிரிக்கத் தொடங்கினார். விஷயத்தை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அதன்பின் அவர்களை அந்த மேஜையிலிருந்து எழுப்பத்தான் யாராலும் முடியவில்லை. குடும்பப் படம் எடுக்கப் படக்காரர் இருமுறை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மற்ற எல்லாரையும் அந்த மேஜைக்கே வரவழைத்து, இருவரையும் நடுவில் வைத்து எடுத்தார். தங்கை அண்ணனின் கையைத் தடவிக் கொடுத்தார். கிள்ளிய அதே இடம்தான்.

கல்யாண அலுப்புத் தீர்ந்ததும் பல்லு மாமா மன்றத்துக்குப் போனார். மூடப்பட்ட தம் கேள்வியின் அடியில், இம்முறை நிறுத்தி நிதானமாக எழுதினார். எதிர்பார்த்தது இன்னது, நடந்தது இன்னது, இன்னின்னாரை இன்ன வரிசையில் நீக்கினேன், மிஞ்சியவை இரண்டு எண்கள், ஒன்றோடொன்று மோதிய இரண்டு நிபந்தனைகள், நிரலில் பிழை ஏதும் இல்லை. எந்த நிபந்தனை பிழை என்பதைச் சம்பந்தப்பட்ட இருவரையும் நேரில் கேட்டு அறிந்தேன். ஏசியும் கவனிக்கப்பட்டது. சிறிதாக்கச் சொன்ன விதிக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இவ்வளவும் எழுத்தாக, படம் ஏதுமின்றி.

மறுநாள் மருத்துவமனையில் கோணலான அச்சு ஒன்று வந்தது. வழக்கமான சீட்டை எழுதிய பிறகு, சற்று யோசித்து, 'இடப்பக்கம் மாவு பின்வரை எட்டவில்லை' என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். மேல்மாடியில் அச்சீட்டைப் பலரும் கைமாற்றிப் படித்ததாகக் கேள்வி.

வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "பூட்டு தெறந்துடுச்சுங்க."

மன்றத்தில் கேள்வி மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. அடியில் பூட்டு எழுதியிருந்தார்: 'தெளிவான விடை. நன்றி. எங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம் வருகிறது. உங்கள் நிரலை நான் பயன்படுத்திக்கொள்ளலாமா? அவசரம் இல்லை.'

பல்லு மாமா கைகழுவிக்கொண்டு வந்து கணினியின்முன் அமர்ந்தார். தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதினார். பிறகு, உதவி செய்பவர் கேட்கவேண்டியதை முறைப்படி கேட்டார்.

'முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் எத்தனை வாய்?'